கயிறு கட்டி இறக்கிய கார்

அறுபதைத் தாண்டிய நம் செட்டு ஆட்கள் கூடினால் பேச்சு இரண்டுதான். ஒன்று சர்க்கரை வியாதி. இன்னொன்று பிள்ளைகள் வாங்கியிருக்கும் கார். போன ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது ஒருத்தி, தன் மருமகன் கார் யாரும் தொடாமலே தானாகப் பிரேக் போடும் என்று அளந்துகொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் பத்து வயசுல போன காருக்கு பதினாறு பேரு பிரேக்" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். ஒருத்தர்கூட நம்பவில்லை. நம்பாமல் சிரித்த உங்களுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன், முட்டி வலியோடு.

எழுபதுகளின் ஆரம்பம். எங்கள் வீடு கணியம்பாடியில். அம்மாவின் தங்கை, என் சித்தி, ஜவ்வாது மலை மேலே மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஆஸ்பத்திரி என்றால் பெரிசாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டுக் கட்டடம், நாலு கட்டில், நீலக் கதவு, ஒரு மருந்து அலமாரி. டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை கீழேயிருந்து வருவார். மீதி நாளெல்லாம் சித்திதான் டாக்டர். பிரசவம் என்று யாராவது ஓடி வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல், நாலு மைல் நடந்தே போவாள். போய்ச் சேருவதற்குள் சில குழந்தைகள் பிறந்து அழுது முடித்திருக்கும். சில அழாமலே போயிருக்கும். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசமாட்டாள். அன்றைக்கு மட்டும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

அந்தக் கோடை லீவுக்கு என்னை அவளோடு அனுப்பினார்கள். நான் வீட்டில் அடங்கவில்லை என்பதுதான் காரணம். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடை. வழியெல்லாம் புளி. வாசலுக்கு வாசல் பெண்கள் குவியலாகப் போட்டு ஓடு தட்டி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்து தட்டினேன். தட்டியதைவிடத் தின்றது அதிகம். பல் கூசி, இரண்டு நாள் சாமைச் சோற்றைக்கூட மெல்ல முடியவில்லை. இன்றைக்கும் புதுப் புளி வாசம் வந்தால் எனக்கு அந்த மலைதான் வருகிறது.

காரை நான்தான் கண்டுபிடித்தேன் என்று வெகுநாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஊருக்கே தெரிந்த கார் அது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் நின்றது. சித்தியின் கோழி அதற்குள் முட்டை வைக்கும். முட்டை எடுக்கப் போன நான், கோழிக்குப் பின்னால் ஸ்டியரிங் இருப்பதைப் பார்த்துக் கத்தினேன்.

சின்ன கார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒன்றரைப் பேர். இரண்டே கதவு. உருண்டை விளக்கு இரண்டும் மூஞ்சிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. கூரை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத உயரம். அதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் எஞ்சின், சக்கரம், அடிச்சட்டம் மட்டும்தான் சீமையிலிருந்து கப்பலில் வருமாம். மேல்கூண்டை மெட்ராஸ் பட்டறைகளில், துணி எடுத்துச் சட்டை தைத்துக்கொள்கிற மாதிரி, அவரவர் அளவுக்குக் கட்டிக்கொள்வார்கள். உள்ளே மரச்சட்டம், மேலே அலுமினியத் தகடு. இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய வெள்ளைக்கார டாக்டரம்மா ஆறடி உயரம். தொப்பி வேறு போடுவாராம். தொப்பியோடு அவர் உட்காருகிற அளவுக்குக் கூரையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கதவடியில் பட்டறையின் பெயர் போட்ட பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. மிதி பட்டு மிதி பட்டு எழுத்தெல்லாம் அழிந்து, வெறும் மினுமினுப்புதான் மிச்சம். அந்தத் தகடு பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு இன்னும் அதன்மேல் ஒரு கண் இருக்கிறது.

இன்னொரு சங்கதி கேளுங்கள். ரோடு வருவதற்கு முன்பே இந்தக் கார் மலைக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா அடிவாரத்தில் காரைக் கழற்றச் சொல்லி, மலைக்காரர்களைத் தூக்கச் சொன்னார். நாலு ஊர், ஊருக்கு நாலு பேர். எஞ்சினை ஒரு நாள், அடிச்சட்டத்தை ஒரு நாள், கூண்டை முழுசாகக் கொம்பில் கட்டி ஒரு நாள் என்று தூக்கி வந்து மேலே பூட்டினார்கள். மேலே இருந்த வண்டிப் பாதையில் பதினைந்து வருஷம் அது ஓடியது. டாக்டரம்மா தன் நாட்டுக்குப் போன பிறகு கொட்டகையில் போட்டார்கள். ரோடு வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

நான் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே கீழேயிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மிஷனின் பொருளாளர் சாமியார். உபயோகமில்லாத சாமான்களையெல்லாம் கழிக்கப் போகிறோம், காயலான் கடைக்காரர் வருவார், காரைக் காட்டிவிடவும் என்று எழுதியிருந்தார். சித்தி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு துளியும் கூசாமல், கார் நன்றாக ஓடும், பிரசவத்துக்குப் போய்வர அது ஆஸ்பத்திரிக்கே வேண்டும் என்று பதில் எழுதிப் போட்டாள். அப்போது கோழி அதற்குள் அடை உட்கார்ந்திருந்தது.

சாமியார் லேசுப்பட்டவர் இல்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, கார் தன் எஞ்சினில் தானாக ஓடி அடிவாரத்து மிஷன் பங்களாவுக்கு வந்து சேர்ந்தால் ஆஸ்பத்திரியே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அங்கேயே எடை போட்டுவிடுவோம் என்று எழுதினார். மேலே வந்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். மலை பஸ் ஏறினால் அவருக்கு வாந்தி.

ஆக, ஐந்து வாரம்.

சித்தி போய்ப் பிடித்தது பாய் ஒருவரை. பஸ் மெக்கானிக்காக இருந்து ரிட்டயரானவர். ஜமுனாமரத்தூர் சந்தைப் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருந்தார். வந்து பார்த்தார், பானெட்டைத் தூக்கினார். உள்ளேயிருந்து எலி குதித்தது.

"இன்னா நர்சம்மா இது? காரா, மிருகக்காட்சி சாலையா?"

"ஓடுமா, ஓடாதா பாய்? அத்த சொல்லுங்க."

"எஞ்சின் ஓடும். மேல கீற மரமெல்லாம் கரையான் துன்னுடுச்சி. தொட்டா மாவா கொட்டுது பாரு. எஞ்சின் ஓட்றப்ப நீ கூட ஓடணும், உக்கார எடம் இல்ல."

அதனால் ஆசாரியும் வந்தார். ஏரும் மாட்டுவண்டியும் செய்கிறவர். நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். தகட்டை உரித்து எடுத்து, மக்கிப்போன சட்டங்களைத் தரையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வேங்கை மரத்தில் புதுசு செய்து வைத்தார். இடிந்த வீடு ஒன்றின் உத்தரம் அது. ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. எல்லாம் முளையும் துளையும்தான். பாய் எஞ்சினைப் பிரித்துப் போட்டு மண்ணெண்ணெயில் கழுவினார். நான் வால்வுகளைத் துடைத்து, பாயின் பழைய லுங்கியில் வரிசை மாறாமல் வைத்தேன். ஒன்றை மாற்றி வைத்துவிட்டு நான் வாங்கிய திட்டு பாதி உருது, பாதி தமிழ். அர்த்தம் முழுக்க விளங்கியது.

பின் சீட்டு எலிகளால் போயே போய்விட்டது. அதன் அளவு யாருக்கும் தெரியவில்லை. ஆசாரி என்னைக் கூப்பிட்டு ஒரு பலகையைக் காட்டி, "ஒக்காரு பாப்பா" என்றார். உட்கார்ந்தேன். எப்படி உட்காருவேன்? சம்மணம் போட்டுத்தான். அவரும் நாற்காலியில் உட்கார்ந்து பழகாதவர். முட்டிக்கு முட்டி நூல் பிடித்து, முதுகுக்கும் முட்டிக்கும் அளந்து, பெரியவர்களுக்காக ஒரு சாண் கூட்டிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்துச் சீட்டு வந்தது. கால் தொங்கப்போட இடமே இல்லாமல், முன் சீட்டின் முதுகு வரைக்கும் ஒரே பலகை.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா ஆசாரி, கல்யாணத்துக்குப் பந்தி போடப் போறியா இதுல?"

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி உள்ளே ஏறி, குறுக்கே படுத்து, கால்களை மடக்கிப் பார்த்தாள். எழுந்து வந்து, "இருக்கட்டும் பாய். எனக்கு வேண்டியது இதான்" என்றாள். இலவம் பஞ்சு அடைத்து மெத்தை தைத்தோம். வண்டிக்கு அடித்தது ஆஸ்பத்திரிக் கதவுக்கு வாங்கி வைத்திருந்த நீல பெயிண்ட். பிரஷால் அடித்ததால் கிட்டே போனால் கோடு கோடாகத் தெரியும். எட்ட நின்று பார்த்தால் ராணி மாதிரி இருந்தது. நான் எட்ட நின்றே பார்த்தேன்.

எஞ்சின் கிளம்பிய நாளை எப்படிச் சொல்வது? பாய் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுகிறார், சுற்றுகிறார், பத்து மணியிலிருந்து சுற்றுகிறார். சட்டை நனைந்து பனியனும் நனைந்துவிட்டது. "போதும் பாய், கொஞ்சம் டீ குடிங்க" என்று சித்தி சொல்லி வாய் மூடவில்லை, டம் என்று ஒரு வெடி. கொட்டகை முழுக்கக் கரும்புகை. கோழி கூரை மேல் ஏறிவிட்டது. புகைக்குள்ளேயிருந்து தடதடதடவென்று ஒரு சத்தம் நிற்காமல் வந்தது. நான் குதித்தேன். சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். புளி தட்டிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையும் பிசுக்குமாக ஓடிவந்து பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த நீல பெயிண்ட் மேல் புளிக்கை ரேகைகள் கடைசி வரை போகவில்லை. என் வாழ்க்கையில் அப்புறம் எத்தனையோ நல்ல நாள் வந்தது. அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

சத்தம் நாலு ஊருக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை பதினாறு பேர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அன்றைக்குக் காரைத் தூக்கியவர்கள் பாதி, அவர்கள் மகன்கள் பாதி. நாலு ஊருக்கும் பொதுவாகப் பேசுகிற நாட்டாமை முன்னால் வந்தார். கூண்டு தூக்கியபோது முன்கொம்பு பிடித்தவர் அவர்.

"நர்சம்மா, வண்டி கீழ போவுதுன்னு சொல்றாங்களே?"

"ஆமாங்க. சாமியார் வரச் சொல்லியிருக்காரு."

"ஏத்துனது நாங்க. எறக்குறதும் நாங்கதான். அது எங்க மொறை."

மலையில் முறை என்றால் முறைதான். திருவிழாவில் சாமி தூக்கும்போது எந்தக் கொம்பு எந்த வீட்டுக்கு என்பது அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். காருக்கும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். பாய்க்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஓட்ற வண்டிய தூக்கினு போவீங்களாய்யா? தானா ஓடி வரணும்னு எழுதிக் கீறாரு சாமியாரு. நீங்க கை வெச்சா அங்கயே ஒடச்சிடுவாங்க!"

நாட்டாமை அசையவில்லை. கடைசியில் சித்திதான் ஒரு வழி கண்டாள். எஞ்சின் ஓடும், பாய் ஓட்டுவார். அவர்கள் தூக்கக்கூடாது, தள்ளக்கூடாது. பின்னால் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு கூட வரலாம். நாட்டாமை மற்றவர்களைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். கற்றாழை நாரில் கைப்பருமனுக்கு இரண்டு கயிறு திரித்துக்கொண்டு வந்தார்கள்.

அன்று அவர்கள்மேல் எங்களுக்கு இருந்த எரிச்சலை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. வெட்டி ஜம்பம், மரியாதைக்கு அலைகிறார்கள் என்றுதான் பாய் சொன்னார். சித்தியும் மறுக்கவில்லை. அவர்களுக்குள்ளே என்ன இருந்தது என்று எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பாய் ஸ்டியரிங்கில், சித்தி பக்கத்தில், நான் பின்னால் என் அளவுக்குச் செய்த சீட்டில் மகாராணியாகச் சம்மணம் போட்டு. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டு வரிசையாகப் பதினாறு முகம். நடைவேகத்துக்கு மேல் போகமுடியாமல் பாய் புலம்பிக்கொண்டே வந்தார். "சந்தைக்கு மாடு ஓட்டினு போற மாதிரி கீது. ஊர் சிரிக்கும் நர்சம்மா." எதிரே வந்த பஸ் ஓரங்கட்டி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஊர் சிரித்தது வாஸ்தவம்தான்.

பாதி மலை இறங்கியிருப்போம். கீழே படவேட்டுப் பக்கத்து வயல்கள் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தன. ஒரு கொண்டை ஊசி வளைவில் படீரென்று ஒரு சத்தம். பாயின் கால் பிரேக்கோடு தரைக்குப் போய்விட்டது. லாரி கிளச் கேபிளை வெட்டித்தான் அவர் பிரேக்குக்குப் போட்டிருந்தார். அது அறுந்துவிட்டது. எதிரே இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஆகாசம்.

"புடீங்கய்யா! புடீங்க!" என்று பாய் அலறினார்.

பின்னால் பதினாறு பேரும் குதிகாலை ரோட்டில் ஊன்றிச் சாய்ந்ததை நான் பார்த்தேன். கயிறு விறைத்தது. கார் முறுக்கிக்கொண்டு, முனகி, சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பாய் இறங்கினார். நேரே நாட்டாமையிடம் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நார் அறுத்து உள்ளங்கையெல்லாம் ரத்தம். தன் தலைத்துண்டைக் கிழித்து அவரே கட்டிவிட்டார். மீதி மலையைக் கியரும் கயிறுமாக இறங்கினோம். பாய் அதற்குப்பிறகு மாடு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மிஷன் பங்களா வாசலில் காயலான் கடை லாரி நின்றது. சம்மட்டியோடு இரண்டு ஆட்கள் அதன்மேல் குந்தியிருந்தார்கள். பொருளாளர் சாமியார் வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கயிற்றையும் பார்த்தார்.

"தானா ஓடி வந்ததா?"

பாய் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். சித்தி முந்திக்கொண்டாள்.

"பாதி மலை தானா வந்துச்சி சாமி. அப்புறம் பிரேக் அறுந்துடுச்சி. இவங்க கயிறு புடிச்சதாலதான் உசுரோட நிக்கிறோம்."

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். சாமியார் குனிந்து அறுந்த கேபிளைப் பார்த்தார். "உண்மையைச் சொன்னதுக்கு சந்தோஷம்மா. ஆனா இப்படிப்பட்ட வண்டிய எந்த தைரியத்துல மேல விடறது?" என்றார். லாரி ஆட்கள் இறங்கினார்கள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சித்தி அழவில்லை. ஆஸ்பத்திரிப் பையை மட்டும் காரிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அப்போது நாட்டாமை கட்டுப்போட்ட கையாலேயே கயிற்றைக் காரின் பின்பக்கத்திலிருந்து அவிழ்த்தார். முன்பக்கம் கொண்டுபோய்க் கட்டினார். மற்றவர்கள் மலையைப் பார்த்து வரிசையாக நின்றார்கள்.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் சாமியார்.

"மேல இட்னு போறோம் சாமி."

"பிரேக் இல்லாத வண்டியையா?"

"எறக்குறதுக்கா இந்தக் கயித்த திரிச்சோம்? டாக்டரம்மா வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தான் எறங்கினாங்க. வர்ல. எங்க மலைலேர்ந்து எறங்குன எதுவும் திரும்பி ஏறல சாமி. அதான் கூடவே வந்தோம். வுட்டுட்டுப் போறதுக்கு இல்ல."

நாட்டாமையே தொடர்ந்தார், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே.

"நாங்க யாரும் இதுல ஒருவாட்டி கூட ஏறினதில்ல. டாக்டரம்மா ஏத்த மாட்டாங்க. வலி எடுத்த பொம்பளைங்களுக்கு மட்டுந்தான். எம்பொண்டாட்டி நாலு வாட்டி இதுல போனா. நாலு வாட்டியும் புள்ளையோட திரும்பி வந்தா. வண்டி நின்னுபோன பொறவு எந்தம்பி பொண்டாட்டிய கட்டில்ல வெச்சுத் தூக்கினோம். வழிலயே செத்துப்பூட்டா."

வரிசையிலிருந்த இளவட்டம் ஒருவன், "நான் இதுக்குள்ளயே பொறந்தவன் சாமி" என்றான். இன்னொருவர் "எங்கூட்ல மூணு" என்றார். "எங்கூட்ல ரெண்டு" என்றார் அடுத்தவர். அப்படியே வரிசை முழுக்கப் போனது.

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு, "உங்ககிட்ட நல்ல கேபிள் ஏதாவது இருக்குமா? மொதல்ல பிரேக்க சரி பண்ணட்டும். அப்புறம் மேல போகட்டும்" என்றார்.

கேபிள் லாரியிலேயே இருந்தது. சம்மட்டிக்காரர்கள்தான் காருக்கு அடியில் படுத்து மாட்டிக்கொடுத்தார்கள்.

ஏறும்போது கயிற்றுக்கு வேலையே இல்லை. எஞ்சின் தடதடவென்று தானாகவே ஏறியது. வளைவுக்கு வளைவு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிற்போம். அதற்குள் பதினைந்து பேரும் சிரித்துக்கொண்டு ஓடிவந்து எட்டிப் பிடிப்பார்கள். பதினைந்துதான். கையில் கட்டுப்போட்ட நாட்டாமையைச் சித்தி விடாப்பிடியாகக் காரில் ஏற்றிவிட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வழியெல்லாம் அவர் மூச்சு விட்டாரா என்றே எனக்குச் சந்தேகம்.

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாலு ஊர்ப் பெண்களும் ஆஸ்பத்திரி வாசலில் கூடியிருந்தார்கள். கார் திரும்பி வரும் என்று அவர்களில் ஒருத்திக்கும் நம்பிக்கை இல்லை. நீல மூக்கு தெரிந்ததும் ஒரே கூச்சல், குலவை. பாய் வண்டியை நிறுத்தினார். கதவு திறந்தது. உள்ளேயிருந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி மெதுவாக நாட்டாமை இறங்கினார்.

அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாய்யா," என்றாள், "ஒனக்கு எப்ப வலி எடுத்துச்சி?"